பக்கத்து சீட்டில் இருந்தவள்

எனக்கு வாய் அதிகம். மாமியார் அப்படிச் சொன்னபோது கோபம் வந்தது, வீட்டுக்காரர் சொன்னபோது சண்டை போட்டேன். அக்கா சொன்னால் மட்டும் சிரிப்பு வந்துவிடும். “ஏட்டி, ஒன் வாய அந்த டிரைவர்ட்ட குடு, ஹாரனே வேண்டாம்” என்பாள். அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை, சொந்தமும் இல்லை. அவள் திருநெல்வேலிப் பக்கம், நான் கும்பகோணம். டெல்லியில் ஜனக்புரியிலிருந்து லோதி ரோட்டுக்குப் போகிற சார்ட்டர்ட் பஸ்தான் எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தது. பதின்மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட். ஜன்னல் ஓரம் அவளுக்கு, வழி ஓரம் எனக்கு.

அந்த பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்க்கார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக முடியாத ஆபீஸ்காரர்கள் சேர்ந்து மாத வாடகைக்கு அமர்த்திக்கொண்ட தனியார் வண்டி அது. தினமும் அதே ஆட்கள், அதே சீட்கள். ஒருவர் ரிட்டயர் ஆனாலோ மாற்றலாகிப் போனாலோதான் சீட் காலியாகும். முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள், கடைசி வரிசையில் பிரீஃப்கேஸை மடியில் வைத்து அதன்மேல் ரம்மி ஆடும் கூட்டம். குளிர்காலத்தில் முன்வரிசைகளில் ஸ்வெட்டர் பின்னுவார்கள், பட்டாணி உரிப்பார்கள். யாருக்காவது புரமோஷன் வந்தால் பஸ் முழுக்க சமோசா. இதற்கெல்லாம் ஒரு செக்ரெட்டரி உண்டு. லக்னோ பக்கத்து மனிதர். எந்த விஷயமானாலும் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, ஓட்டெடுப்பு நடத்திவிட்டுத்தான் முடிவு சொல்வார். ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்பதற்குக்கூட அந்த பஸ்ஸில் ஓட்டு எடுத்திருக்கிறோம்.

தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். நாங்கள் பேச ஆரம்பித்தால் முன் சீட்டுப் பஞ்சாபி அம்மாள் திரும்பி, ஏன் காலையிலேயே சண்டை என்று கேட்பார். சண்டை இல்லை, சாம்பாரைப் பற்றிப் பேசுகிறோம் என்போம். அந்த அம்மாள்தான் எங்களுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக் கொடுத்தார். அக்கா ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு வரவில்லை. ஊசியைப் பிடித்தால் வாய் ஓட மாட்டேன் என்கிறது, வாய் ஓடினால் கண்ணி விட்டுப் போகிறது.

அக்காவின் புருஷன் அற்பாயுசில் போய்விட்டார். அவர் வேலையைக் கருணை அடிப்படையில் அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரே மகள். ஜனக்புரியில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் அவளை வளர்த்து, படிக்க வைத்து, பாளையங்கோட்டையில் கட்டிக் கொடுத்தாள். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள், பிப்ரவரியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து டெல்லிக்கு வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பாளையங்கோட்டையிலேயே இருக்கும் அக்காவின் தம்பி வீட்டில் வைத்துப் பார்ப்பது, அக்கா ஜனவரி கடைசியில் போய் நாற்பது நாள் உடன் இருப்பது என்று ஏற்பாடு.

அந்த நாற்பது நாள்தான் அவளுடைய ஒரே கவலை. முந்தின வருஷம் கர்ப்பப்பையை எடுத்ததில் மெடிக்கல் லீவு மொத்தமும் தீர்ந்திருந்தது. மகள் கல்யாணத்துக்கு மற்ற லீவெல்லாம் போய்விட்டது. திரும்பவும் ஒவ்வொரு நாளாகச் சேர்த்துக்கொண்டு வந்தாள். டெல்லித் தமிழர்களுக்கு இது ஒரு வியாதி. கல்யாணம், காதுகுத்து, சாவு, திருவிழா எல்லாமே இரண்டாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் நடக்கிறது. அதனால் லீவை உயிர் மாதிரி பொத்திப் பொத்தி வைப்போம். காய்ச்சலுக்கு லீவு போடுகிறவனை ஊதாரி என்போம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் மேஜையில் தலையைச் சாய்த்தாவது ஒரு நாளைக் காப்பாற்றிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

புணேயில் பன்றிக் காய்ச்சலுக்கு முதல் சாவு என்று ஆகஸ்டில் செய்தி வந்தது. மறுநாளே எங்கள் பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்வரிசைகள் பயந்த கட்சி, கடைசி வரிசை பயப்படாத கட்சி. எங்கள் பக்கம் எல்லோர் மூக்கிலும் கர்ச்சீப். சிலர் அதில் கற்பூரமும் ஏலக்காயும் பொடித்து முடிந்திருந்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் கிடைக்கவில்லை. செக்ரெட்டரி ஒரு கற்பூரப் பொட்டலத்தை டிரைவர் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டார். ரம்மி கூட்டம் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. டெங்குவில் சாகிறான், டி.பி.யில் சாகிறான், தினம் ரிங் ரோட்டில் அடிபட்டுச் சாகிறான், அதற்கெல்லாம் நீங்கள் கர்ச்சீப் கட்டினீர்களா என்று கேட்டார்கள். எல்லாம் மாஸ்க் விற்கிறவனும் டி.வி.க்காரனும் சேர்ந்து செய்கிற வேலை என்றார்கள். புது வியாதி, அது என்ன செய்யும் என்று டாக்டருக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன். பயந்த கட்சிக்கு என்னைவிட்டால் வக்கீல் இல்லை. என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயசு. சின்ன வயசிலிருந்தே வீசிங். ராத்திரியில் அவள் மூச்சு விசிலடிக்கிற சத்தத்தைக் கேட்டவள் நான். எனக்குப் பயம் வராமல் வேறு யாருக்கு வரும்?

அக்கா பயப்படாத கட்சி. வயசாகிக் கிடக்கிற நமக்கு எந்தப் பன்றி வரப்போகிறது என்று சிரித்துவிட்டாள்.

அந்த ஆகஸ்டில் அவளுக்கு இருமல் இருந்தது. இதை நான் நன்றாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டும் அவளுக்கு இருமல் வரும். மழை ஈரமும், மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட மண்ணும் அவளுக்கு ஆகாது. மூன்று வாரம் இருமுவாள், செப்டம்பரில் நின்றுவிடும். பதின்மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும்.

ஒரு நாள் ராஜோரி கார்டன் தாண்டும்போது அவளுக்கு விடாமல் இருமல் வந்தது. முன் சீட்டுப் பஞ்சாபி அம்மாள் எழுந்து இரண்டு வரிசை முன்னால் போய் நின்றுகொண்டார். செக்ரெட்டரி எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். யாரையும் புண்படுத்த வேண்டுமென்று இல்லை, எல்லோர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், சகோதரி கொஞ்ச நாள் வராமல் இருந்தால் என்ன என்று இந்தியில் மிக மரியாதையாகக் கேட்டார். அக்கா இது தூசி இருமல் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்காருகிறவர் நீங்கள், உங்கள் அபிப்பிராயம் என்ன என்றார்.

அந்த நேரத்தில் என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. வருஷா வருஷம் வருகிற இருமல்தான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் அதைச் சொல்லவில்லை. ஒரு பத்து நாள் வீட்டில் இருந்தால் அக்காவுக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது என்றேன். பிறகு கைகள் உயர்ந்தன. கடைசி வரிசையில்கூட இரண்டு கை உயர்ந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, “பையா, ரோக்கோ” என்றாள். டிரைவர் ஓரமாக நிறுத்தினார். ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டு நாளையிலிருந்து நிற்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். தூறலில் குடையைப் பிரித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் சீட் காலியாக இருந்ததால் நான் நன்றாகவே பார்த்தேன்.

அவள் இரண்டு சர்க்கார் பஸ் மாறி ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது, அவளுக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டிருந்தது. எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் அதே கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள்தானே. இருமல் நிற்கும்வரை வராதீர்கள் என்று அவளுடைய அதிகாரி சொல்லிவிட்டார். டிஸ்பென்சரி டாக்டர் பார்த்துவிட்டு, உனக்கு ஒரு வியாதியும் இல்லை, நான் என்னவென்று சர்டிபிகேட் எழுதுவது என்று கையை விரித்தார். ஆக, ஒரு வியாதியும் இல்லாமல் பத்து நாள் லீவு போயிற்று. பிரசவத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த லீவு.

திரும்பி வந்தவள் அதே சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன், என் பெண்ணின் வீசிங்கைச் சாக்காகச் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை என் பக்கம் நீட்டினாள். “விடுட்டி. ஒனக்கும் பிள்ள இருக்குல்லா” என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாதத்தை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன்.

நவம்பருக்குள் பயந்த கட்சி கலைந்துவிட்டது. கற்பூரப் பொட்டலம் வெளுத்து, பிறகு எங்கோ விழுந்துபோயிற்று. மாஸ்க்கைப் பற்றிப் பேசினால் சிரித்தார்கள். டி.வி.யும் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. உண்மையில் டெல்லியில் அந்தக் காய்ச்சல் அதிகமாகப் பரவியது அந்தக் குளிர்காலத்தில்தான். பேப்பரில் உள்பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ரம்மி கூட்டம் அதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே, எத்தனை பேருக்கு வந்து போகிறது, ஒன்றும் ஆகவில்லையே என்றது. நானும் தலையாட்டினேன். ஆகஸ்டில் ஆடிய ஆட்டத்தை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அக்கா பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தாள். இளமஞ்சள் கம்பளி. பாளையங்கோட்டையில் மாசி வெயிலில் எந்தக் குழந்தை ஸ்வெட்டர் போடும் என்று நான் கேலி செய்தேன். டெல்லிக்கு வந்தால் போடும் என்றாள். வந்தால்தானே என்றேன். வராமல் எங்கே போகும், நான் இங்கே இருக்கிறேனே என்றாள். முதுகுப்புறம் முடிந்தது, முன்புறம் முடிந்தது, ஒரு கையும் முடிந்தது.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா சால்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள். பின்னவில்லை. கம்பளி உருண்டை அவள் மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். கை கொதித்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. அக்கா, காய்ச்சல் அடிக்கிறதே என்றேன். தமிழில்தான் சொன்னேன், ஆனாலும் அவள் சட்டென்று முன்சீட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஒண்ணுமில்லட்டி. மாத்திர போட்டிருக்கேன், எறங்கிரும். யார்ட்டயும் சொல்லாத. இன்னொரு தடவ எறக்கி விட்டுட்டாவன்னா பேறுகாலத்துக்குப் போவ எனக்கு லீவு இருக்காது.”

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் பயம் வந்தது. வீட்டில் இருக்கும் என் பெண்ணின் நினைப்பு வந்தது. உடனே ஆகஸ்ட் மாதத்துத் தூறலும் குடையும் நினைவுக்கு வந்தன. மறுபடியும் நானா? மறுபடியும் இந்த வாயா? இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவளுக்கு நான் செய்ய வேண்டிய மரியாதை என்று நினைத்தேன். டாக்டரிடம் காட்டுங்கள் அக்கா என்று ஒரு தடவை சொன்னேன். சாயங்காலம் பார்க்கிறேன் என்றாள். அவ்வளவுதான். நல்ல காரியம் செய்துவிட்டதாக ஒரு திருப்திகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள். சால்வைக்குள் வாயை வைத்து இருமினாள். பஞ்சாபி அம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் உடனே உரக்க எதையோ பேசி, சிரித்து, அவர் கவனத்தைத் திருப்பினேன். அதற்கு என் வாய் நன்றாகப் பயன்பட்டது. டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டதற்கு அக்கா தலையை ஆட்டினாள். போனேன் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா, நான் திருப்பிக் கேட்கவில்லை. புதன்கிழமை பஸ் படியில் ஏற அவளுக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது. குளிர் என்றாள். நானும் குளிர் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. ஆபீசிலிருந்து நாலு தடவை ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி நேராக அவள் ஃபிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவே ரொம்ப நேரமாயிற்று. திறந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாலு மூச்சு. கட்டில்மேல் ஆபீஸ் பை தயாராக வைக்கப்பட்டிருந்தது. டிபன் டப்பாவும் இருந்தது. போகத்தான் கிளம்பியிருக்கிறாள்.

என் வீட்டுக்காரரை வரச் சொல்லி, ஆட்டோவில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம். அவர்கள் பார்த்த மாத்திரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தனி வார்டில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். முகமெல்லாம் மூடியிருந்த ஒரு சின்ன வயசு டாக்டர் வெளியே வந்து, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து என்றேன். அவர் எழுதிக்கொண்டார். முதல் இரண்டு நாளுக்குள் வந்திருந்தால் இதற்கு மாத்திரை நன்றாகக் கேட்கும் என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். நான் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போய்விட்டாள். உள்ளே விடவில்லை. கடைசியாக அவள் என்னிடம் பேசியது ஆட்டோவில். ஆஸ்பத்திரிக்குப் போகிறதை மவளுக்குச் சொல்லாதே, பயந்துவிடுவாள் என்றாள். அதற்கும் சரி என்றேன். அவள் எதைச் சொல்லாதே என்றாலும் சரி சரி என்று தலையாட்டுகிற பழக்கம் அந்த ஒரு வாரத்தில் எனக்கு வந்துவிட்டிருந்தது.

அக்காவின் தம்பி விமானத்தில் வந்து சேர்ந்தார். மகள் ஏழு மாசத்தில் இருந்தாள், அவளை வரக் கூடாது என்றுவிட்டார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்ததால் அக்காவின் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. சுடுகாட்டில் மொத்தம் ஆறு பேர். எனக்கு இரண்டு நாள் தொண்டை கட்டியது. என் பெண்ணுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. அந்த மூன்று நாளும் நான் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. நாலாம் நாள் எழுந்து பூரி கேட்டாள். யாருக்காக ஆகஸ்டில் அக்காவை இறக்கிவிட்டேனோ அந்த வீசிங் பெண்ணை, இந்த வியாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பஸ்ஸுக்குத் திரும்பப் போனேன். செக்ரெட்டரி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இரண்டு நிமிஷம் மௌனம் இருக்கச் செய்தார். கடைசி வரிசையில் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். வண்டி கிளம்பியதும் பேச்சு கிளம்பியது. பார்த்தீர்களா, பயப்பட வேண்டிய வியாதிதான் என்று ஒரு குரல். அவருக்கு வேறு ஏதாவது கோளாறு இருந்திருக்கும், எல்லோருக்குமா இப்படி ஆகிறது என்று இன்னொரு குரல். திரும்பவும் முன்வரிசை, பின்வரிசை. யாரோ கேட்டார்கள், அவர் கடைசி நாட்களில் பஸ்ஸில் வரும்போதே காய்ச்சலோடுதான் வந்தாரா என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்குத் தெரியாது, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். இப்படி வாயைத் திறந்தும் ஒரு தடவை கெடுத்தேன், மூடியும் ஒரு தடவை கெடுத்தேன். இப்போது பொய்யும் சொல்லியாயிற்று. பஞ்சாபி அம்மாள் மட்டும் எழுந்து வந்து அக்காவின் சீட்டில் உட்கார்ந்து அழுதார். அந்த ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டார். அக்காவின் தம்பி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அது என் பையில் இருந்தது. வாங்கிக்கொண்டு போய் ஒரே வாரத்தில் மிச்சக் கையைப் பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா காப்பாற்றி வைத்த லீவு அப்படியே இருந்தது. முப்பத்தொரு நாள்.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது என்று தம்பி ஃபோன் செய்தார். நான் பதினைந்து நாள் லீவு போட்டேன். எதற்கு என்று அதிகாரி கேட்டார். சொந்தத்தில் பிரசவம் என்றேன். இரண்டு ராத்திரியும் ரயிலில் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெண் கேட்பாள், கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். திட்டட்டும் என்றுதான் போனேன். அங்கே ஒருத்தியாவது என்னைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும் என்று இருந்தது.

பாளையங்கோட்டையில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி பத்தியச் சமையல் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் குழந்தையை என் மடியில் போட்டாள். நான் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தாள். ஒரு கை கொஞ்சம் இறுக்கமாக இருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். இது மட்டும் வேறு ஒருவர் பின்னியது என்றேன். தலையாட்டினாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் ஆகியும் கேட்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. நாலாம் நாள் மத்தியானம் அவள் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். திங்கட்கிழமையே அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை, இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவில்லை என்றேன்.

அவள் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழில் பாளையங்கோட்டை இன்னும் ஏறவில்லை.

“தெரியும் ஆன்ட்டி. அன்னிக்கு ஈவினிங்கே மம்மி ஃபோன்ல சொன்னாங்க. கையத் தொட்டுப் பாத்துட்டா, ஆனா பஸ்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல, தங்கமானவள்னு சொன்னாங்க. ஆகஸ்ட்லேர்ந்து மனசுல இருந்தது எல்லாம் போயிருச்சுன்னாங்க. ரொம்ப ஹேப்பியா இருந்தாங்க ஆன்ட்டி.”

சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா என்மேல் கோபத்தோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, அந்த ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரி நல்லவள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.